வாளியிற் பூட்டிய கொழு

நமது கல்லூரியின் விழா நினைவாக யாது அமைக்கலாம் என்னும் ஆலோசனை பழைய மாணவரிடையே நடைபெற்று வருகின்றது. வரவேற்பு வளைவு என்பார் சிலர்; திறந்தவெளி அரங்கு என்பார் சிலர். நாம் விரும்புவது ஓர் இரும்புப் பட்டறை. தமிழாசிரியருக்குப் பட்டறையில் என்ன வேலை என்று நகைப்போர் நகைக்கட்டும். எமக்கு இவ்வெண்ணம் தோன்றிய வரலாற்றைக் கேட்டபின் நகைத்தாற் போதும்.

கிளிநொச்சிப் பக்கத்தில் வயல் செய்யும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் முன்வாளி பூட்டிய உழவு இயந்திரம் ஒன்று உண்டு. கடன்பட்டு வாங்கியது. எரு அள்ளவும் மண் குவிக்கவும் வாளி நல்ல துணை. ஆனால் வன்னியின் செங்கபில மண் கோடையிற் கல்லாய் இறுகுவது. வாளியின் விளிம்பு அதன்மேல் வழுக்கிச் செல்லுமேயன்றி உள்ளே இறங்காது. வாய்க்கால் வெட்டப் பெக்கோவை வாடகைக்கு அமர்த்தப் பணம் போதாமையால், அவர் இரண்டடி நீளமான இரும்புக் கொம்பு ஒன்றை அடிப்பித்து, வாளியின் வலது மூலையில் வெல்டிங் செய்வித்தார். முதல் நாள் அது நன்றாகவே கிண்டியது. இரண்டாம் நாள் பாலை மரத்து வேரொன்றில் மாட்டிக்கொண்டது. கொம்பு முறியவில்லை, முறிந்திருந்தால் அவர் தப்பியிருப்பார். வாளியைத் தாங்கும் வலக்கை முறுகி, அது பூட்டப்பட்டிருந்த முன்புற வார்ப்பும் வெடித்தது. ஆவணியில் நேர்ந்த இவ்விபத்தால் காலபோக உழவு முழுவதும் இயந்திரம் கொட்டிலில் நின்றது. தவணைப் பணம் மட்டும் நிற்கவில்லை.

“இதன் கணக்கை ஒருவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லையே, சேர்” என்றார் அவர். அந்தச் சொல் எம்மைச் சுட்டது. அவர் கணிதத்திலே திறமைச் சித்தி பெற்றவர்.

கணக்கு ஒன்றும் பெரிதன்று. நம் பௌதிக ஆசிரியர் ஒரு தேநீர் வேளையில் எமக்கே விளக்கிவிட்டார். இயந்திரம் ஆயிரம் கிலோ விசையுடன் தள்ளுவதாக வைத்துக்கொள்வோம். ஆறடி அகலமான வாளி விளிம்பிலே அது பரவும்போது அங்குலம் ஒன்றுக்குக் கிடைப்பது 14 கிலோ. மூன்று அங்குல அகலமான கொம்பின் நுனியிலோ 333 கிலோ. மண் பிளப்பது இதனாலேதான். ஆனால் அதே கொம்பை மூலையில் வைத்தால் இரண்டு கைகள் பகிர வேண்டிய சுமை ஏறக்குறைய ஒரு கைக்கே சேரும். முறுக்கமும் உடன் சேரும். நடுவில் வைத்து, வாளியின் அடித்தகட்டிலே தடித்த இரும்புத் தகடொன்றை விரித்து, பின்புறத்துக்கு முட்டும் கொடுத்திருந்தால் பாரம் பரவியிருக்கும். நீளத்தைப் பாதியாக்கியிருந்தால் விளிம்பை வளைக்கும் திருப்பமும் பாதியாயிருக்கும். வேகமோ இன்னும் கொடியது: வேகத்தை இரட்டித்தால் மோதும் சக்தி நான்கு மடங்கு. லொறியின் வில்லுத் தகட்டை வெட்டிக் கொம்பு செய்வாரும் உளர். அவ்வுருக்கைச் சூடேற்றாமல் வெல்டிங் செய்து விரைவாக ஆறவிட்டால், ஒட்டின் அருகே வெடிப்பு ஒளிந்திருக்கும்.

இவற்றைக் கேட்டபோது எமக்கு நம் முன்னோரின் கலப்பை நினைவுக்கு வந்தது. ஒடுங்கிய இரும்புக் கொழு ஒன்றே மண்ணைப் பிளக்கும். தேய்ந்தால் கொல்லர் அதனை மட்டும் மாற்றுவார். வேரிலே கொழு மாட்டினால் எருது தானே நின்றுவிடும். இயந்திரத்துக்கு நிற்கத் தெரியாது. ஆதலின் அதற்கு அவ்வறிவை நாம் கொடுத்தல் வேண்டும். கொம்பை ஒரு வலிய அச்சாணியில் தொங்கவிட்டு, அது சுழலாதபடி சாதாரண மென்னிரும்பு ஆணியொன்றாற் பிணித்தால், பாரம் மிகும்போது அவ்வாணி முறியும், கொம்பு பின்னே மடியும், இயந்திரம் பிழைக்கும். நாம் அதற்கு ‘முறியாணி’ எனப் பெயரிட்டோம். முறிந்த இடத்தில் வலிமையான உருக்கு ஆணியை இடுவது, காவற்காரனைக் கட்டிப்போடுவதற்கு ஒப்பாகும்.

வீட்டிலே செய்யும் கருவி இழிவானது என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. இன்று தெருவெங்கும் காணும் ஜே.சி.பி. என்னும் பெயர் ஜோசப் சிரில் பாம்போர்ட் என்பாரின் முதலெழுத்துக்களே. அவர் 1945 இல் இங்கிலாந்தின் உட்டொக்ஸீற்றர் ஊரிலே, வாடகைக்கு எடுத்த சிறு கொட்டிலில், ஒரு பவுணுக்கு வாங்கிய பழைய வெல்டிங் கருவியால், யுத்தத்திற் கழிந்த இரும்பைக்கொண்டு இழுவைப் பெட்டி செய்யத் தொடங்கியவர். முன்னே வாளியும் பின்னே அகழும் கையுமாக உழவு இயந்திரத்தை அவர் அமைத்தது 1953 இல்.

பட்டறை ஆபத்தானது என்று பெற்றோர் அஞ்சுவர். அஞ்சத்தான் வேண்டும், உயர்த்திய வாளியின் கீழே ஒருவரும் நுழையலாகாது என்பதை முதற்பாடமாக வைக்கலாம். ஆனால் நம் மாணவர் இவ்வேலையைச் செய்யாமல் இருக்கப்போவதில்லை. கணக்கறியாமல், சந்திக் கடையிலே, அந்திப் பொழுதிற் செய்யப்போகின்றார்கள்.

மைதானத்தின் வடபுறத்து ஓட்டுக் கொட்டில் பல ஆண்டுகளாக உடைந்த வாங்குகளைச் சுமந்து கிடக்கின்றது. அதனைத் துப்புரவாக்க ஒரு சனிக்கிழமையும் இருபது பேரும் போதும். வெல்டிங் கருவி, துளையிடும் பொறி, பட்டடைக்கல் ஆகியவற்றுக்கான செலவு வளைவின் செலவிலே ஒரு பகுதியே ஆகும். முறுகிப்போன அந்த இரும்புக் கையை மாணவர் பார்வைக்குத் தருவதாக நம் நண்பர் ஒப்புக்கொண்டுள்ளார். இப்போது அது எமது வீட்டு விறாந்தையிற் கிடக்கின்றது. எடுத்துச் செல்வார் எவரும் இல்லை.