பத்துப் பேருக்கு ஒரு தெப்பம்

தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் இயக்கிய அப்படகு சேவைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. கரையில் தென்பட்ட விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதால் படகு சாய்ந்தது என்று அப்போது கூறப்பட்டது. யானையைக் கண்டால் எழுந்து ஓடுவது மனித இயல்பு. அந்த இயல்பைத் தாங்காத கலத்தை, விலங்கு பார்ப்பதற்கென்றே நீரில் இறக்கியதுதான் பிழை.

விபத்துக்குப் பின் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. உயிர்காப்பு அங்கி கட்டாயமாயிற்று. ஆனால் கானுயிரைக் காணச் செல்வோர் எத்தகைய கலத்தில், எத்தனை பேராக, யாருடைய பொறுப்பில் செல்ல வேண்டும் என்ற அடிப்படைக் கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டுவிட்டது. பெரியாறு அணை என்றதும் 136 அடி, 142 அடி என்ற கணக்கில் மூழ்கிவிடுகிற இரு மாநில அரசியலுக்கு, அதே நீரின் மேல் மிதக்கும் உயிர்களைப் பற்றிப் பேச அவகாசம் இருப்பதில்லை.

இத்தனைக்கும் விடை அந்த ஏரியிலேயே மிதந்துகொண்டிருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் மூங்கில் தெப்பப் பயணம் பல்லாண்டுகளாக நடக்கிறது. காலையில் கிளம்பும் குழுவில் பயணிகள் பத்துப் பேர் அளவே; உடன் வழிகாட்டிகளும் துப்பாக்கி ஏந்திய வனக் காவலரும் செல்வர். சிறிது தொலைவு காட்டுக்குள் நடை, பிறகு துடுப்பு வலித்துச் செல்லும் தெப்பம், மாலையில் திரும்புதல். இயந்திர ஓசை இல்லாததால் நீர்நாய்க் கூட்டம் மீனைத் தின்று முடிக்கும்வரை அஞ்சி ஓடுவதில்லை. 1895-ல் அணை கட்டி நீர் தேக்கியபோது மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் ஏரிக்குள் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் சிறகு உலர்த்துவதை அருகிருந்து பார்க்கலாம். பெரிய படகில் வருவோருக்கு இவை வெறும் கட்டைகள்.

இத்தெப்பப் பயணத்துக்கு வழிகாட்டியவர்களில் ஒரு பிரிவினர், ஒரு காலத்தில் இதே காட்டில் வயணப் பட்டை எனப்படும் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள். உலக வங்கி உதவியுடன் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்போது வனத்துறை அவர்களைக் குழுவாகத் திரட்டிக் காவலுக்கும் வழிகாட்டும் பணிக்கும் அமர்த்தியது. காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்தவர்கள் அவர்கள்; வனத்துறை நெடுங்காலம் துரத்திக்கொண்டிருந்ததும் அவர்களைத்தான். மன்னான், பளியர் பழங்குடியினரும் இத்தகைய குழுக்களில் பணியாற்றுகின்றனர். காட்டைக் காப்பதில் வருவாய் உண்டு என்று ஆனதும் காவலும் எளிதாயிற்று.

குளிர்காலத்தில் குழுவாகச் செல்ல விரும்புவோர் ஓர் உண்மையை மனத்தில் கொள்வது நல்லது. கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழை காட்டின் ஓடைகளையெல்லாம் நிரப்பியிருக்கும். விலங்குகள் நீருக்காக ஏரிக்கரைக்கு வரவேண்டிய அவசியம் குறைவு. யானைக் கூட்டங்களை அடிக்கடி காண்பது கோடையில்தான். பனிக்காலத்தின் ஆதாயம் வேறு: நடப்பதற்கேற்ற குளிர்ச்சி, பறவைகள், நிறைந்த நீர். சபரிமலை செல்லும் கூட்டத்தால் குமுளி நெரிசலில் திணறும் பருவமும் அதுவே. ஒரு பேருந்தில் நாற்பது பேராக வந்திறங்கி, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தெப்பம் ஏற வேண்டும் என அடம் பிடிப்பது நடவாத காரியம். முன்கூட்டியே பதிவு செய்து, பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து, வெவ்வேறு நாள்களில் செல்லும் வகையில் பயணத்தை வகுத்துக்கொள்வதே முறை. எண்ணிக்கையைக் கூட்டும்படி வனத்துறைக்கு அரசியல் நெருக்குதல் தருவது இன்னொரு 2009-க்கு வழி கோலுவதாகும்.

பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்திலும் மூங்கில் தெப்பம் உண்டு. காடர், மலசர், முதுவர் முதலிய பழங்குடியினர் வாழும் இக்காடு 2010-ல் புலிகள் காப்பகமாயிற்று. இங்கு நிலைமை இன்னும் விசித்திரமானது. நிலம் கேரளத்துடையது, செல்லும் சாலையோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழகத்துக்குள் ஓடுகிறது. தெப்பம் மிதக்கும் நீர்த்தேக்கத்தின் அணையை இயக்குவது தமிழகப் பொதுப்பணித்துறை வழிவந்த நீர்வளத் துறை. 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தம் நீரைப் பங்கிட்டதே தவிர, நீரின் மேல் செல்வோரைப் பற்றிச் சிந்தித்த காலம் அதுவல்ல. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து பெருவெள்ளம் வெளியேறியது. அது நள்ளிரவு கடந்த நேரம் என்பதால் நீர்த்தேக்கத்தில் யாரும் இல்லை.

தில்லியில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2006-ல் நாடாளுமன்றம் செய்த திருத்தம், ஒவ்வொரு புலிகள் காப்பகத்திலும் மக்கள் பங்கேற்புக்கான அறக்கட்டளை அமைக்கச் சொல்கிறது. அத்தகைய அமைப்புக்குப் பெரியாறு முன்னரே வழி காட்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வன உரிமைச் சட்டமும் நிறைவேறியது. புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவுக்கு உச்ச நீதிமன்றம் 2012 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்து, அக்டோபரில் புதிய வழிகாட்டு நெறிகள் வந்தபின் விலக்கிக்கொண்டதும் நினைவிருக்கும். இவை எல்லாம் கானுயிரைப் பற்றியவை.

கலத்தைப் பற்றிய சட்டம் 2021-ல் வந்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றான உள்நாட்டுக் கலங்கள் சட்டம் அது. இயந்திரம் இல்லாத கலங்களையும் அது விட்டுவிடவில்லை. அவற்றை உள்ளாட்சி அமைப்புகளிடம் பதிவு செய்ய வகை செய்கிறது. அமளிக்கிடையே மக்களவையில் விரைந்து நிறைவேறிய மசோதாக்களில் அதுவும் ஒன்று என்பதால், இந்தப் பிரிவு பலர் கவனத்துக்கு வராமலே போயிற்று. குமுளி, முதலமடை ஊராட்சிகள் ஒரு மூங்கில் தெப்பத்தின் தாங்குதிறனை நிர்ணயிப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா, அல்லது காப்பக அறக்கட்டளையிடமே அப்பொறுப்பு இருக்க வேண்டுமா என்பதை மாநில விதிகள் தெளிவுபடுத்தியாக வேண்டும். அறக்கட்டளையிடம் விடுவதே சரி எனத் தோன்றுகிறது. தெப்பத்தைக் கட்டுவோரும் வலிப்போரும் அங்குதான் இருக்கின்றனர்.

தேனி, பொள்ளாச்சி, இடுக்கி, பரம்பிக்குளம் அடங்கிய ஆலத்தூர் ஆகிய நான்கு மக்களவைத் தொகுதிகளின் உறுப்பினர்கள் கேள்வி நேரத்தில் சேர்ந்து எழுப்பத்தக்க பொருள் இது. தமிழகத்தின் அணைப் பொறியாளர் மதகைத் திறக்கும் முன், கேரளத்தின் தெப்பக்காரருக்கு எந்த வழியில், எத்தனை மணி நேரத்துக்கு முன் தகவல் செல்ல வேண்டும் என்பதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் ஜல் சக்தி அமைச்சகமும் எழுத்தில் வகுத்திருக்கின்றனவா என்பதை முதலில் கேட்கலாம்.