வெந்நீரும் மின்மானியும்

மார்கழிப் பனியிற் கண்டி மாநகரம் நடுங்கும் நாள்களில், பேராதனையிற் பயிலும் மாணவர் தங்கும் வாடகை வீடுகளில் ஒரு வழக்கு எழுகின்றது. "வாளியில் ஹீட்டர் போடக்கூடாது" என்பது வீட்டுக்காரரின் கட்டளை. இதனை வெறும் கருமித்தனம் என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

கணக்கிட்டுப் பார்த்தேன். 15 லீற்றர் நீரை 20 பாகை சூடேற்ற ஏறத்தாழ 0.35 அலகு மின்சாரம் செல்லும். நாளொன்றுக்கு ஆளுக்கொரு வாளியெனின், அறுவருக்கு மாதம் 63 அலகு. நம் நாட்டிலோ, மாதப் பாவனை 60 அலகைக் கடந்தால் முதல் அலகிலிருந்தே விலை ஏறுகின்றது. 2022 ஆகஸ்டிற் சராசரி 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்த கட்டணம் பின்னர் தணிந்தபோதும், இப்படிமுறை நீங்கவில்லை.

ஒரு குடும்பத்தை எண்ணி வகுத்த எல்லை, ஒரே மின்மானியின் கீழ் வாழும் வறிய மாணவர் அறுவரையும் ஒரு செல்வர் வீடாகவே கொள்கின்றது. ஹீட்டரைத் தொடாதவனும் அவ்வுயர்ந்த விலையிலேயே பங்கு செலுத்துகின்றான்.

தடை இதற்கு மருந்தன்று. தடுத்தால் ஒளித்துப் பாவிப்பர், அதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அறைக்கொரு துணைமானி வைத்து அவரவர் செலவை அவரவரிடம் பெறுதல் வீட்டுக்காரர் கடன். மானியை மட்டும் எண்ணாது, அதன்கீழ் வாழும் ஆள்களையும் எண்ணி எல்லை வகுத்தல் அரசின் கடன்.