ஓர் எழுத்து செய்யும் மாற்றம்



வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் ஒருவர், தம்மை நன்கறிந்த பெரியவரிடம் ஆங்கிலத்தில் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'இவரிடம் குறை காண்பது அரிது' என்று பாராட்ட விரும்பிய அப்பெரியவர், 'ஹி ஹேஸ் எ ஃப்யூ ஃபால்ட்ஸ்' என்று எழுதிக் கையொப்பமிட்டு விடுகிறார். அதன் பொருளோ, 'இவரிடம் சில குறைகள் உண்டு' என்பதாகும்! அவர் எழுதியிருக்க வேண்டியது 'ஹி ஹேஸ் ஃப்யூ ஃபால்ட்ஸ்' என்பதே. நடுவே நுழைந்த 'எ' என்னும் ஓரெழுத்து, பாராட்டைப் பழியாக மாற்றிவிட்டது.

'எ ஃப்யூ' என்றால் 'சில உண்டு' என்று பொருள். பேசுபவரின் நோக்கு இருப்பதன் மீது செல்கிறது. 'எ' இல்லாத வெறும் 'ஃப்யூ' என்றால் 'மிகச் சிலவே. இல்லை என்றே சொல்லலாம்' என்று பொருள். இங்கே நோக்கு இல்லாததன் மீது செல்கிறது.

இவ்வேறுபாடு தமிழருக்குப் புதிதன்று. 'பாடற்பயிற்சிக்குச் சிலர் வந்தனர்' என்பதில் மனநிறைவு தொனிக்கிறது. 'சிலரே வந்தனர்' என்பதில் ஏமாற்றம் தொனிக்கிறது. வந்தவர் தொகை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். நாம் ஏகாரத்தைச் சேர்த்துக் குறைவை உணர்த்துகிறோம். ஆங்கிலேயரோ 'எ'யை நீக்கிக் குறைவை உணர்த்துகின்றனர். தமிழில் இத்தகைய முன்சொல் இல்லாமையாலும், பேச்சில் அது மெலிந்தே ஒலிப்பதாலும், நம் பிள்ளைகள் அதனை எளிதில் விட்டுவிடுகின்றனர். வெளியூர் விடுதியில் தங்கிப் பயிலும் மகள், 'ஐ ஹேவ் ஃப்யூ ஃப்ரெண்ட்ஸ்' என்று எழுதினால், தனிமையில் வாடுகிறாளோ என்று பெற்றோர் கலங்க நேரும்.

மூன்று குறிப்புகளை நினைவிற் கொள்க.

ஒன்று: இச்சொற்கள் எண்ணக்கூடிய பொருள்களுக்கே உரியவை, வினை பன்மையில் வரும். நீர், காலம், பொறுமை போன்று எண்ணி உரைக்க இயலாதவற்றுக்கு 'எ லிட்டில்', 'லிட்டில்' என்பவை வரும். அங்கும் வேறுபாடு இதுவே.

இரண்டு: 'ஒன்லி எ ஃப்யூ' என்றால் 'சிலவே' என்று பொருள். ஆனால் 'கொயட் எ ஃப்யூ' என்றால் 'கணிசமானவை' என்று பொருள். சொல்லைப் பார்த்துச் 'சில' என்று கொண்டால் ஏமாறுவோம்.

மூன்று: 'த ஃப்யூ' என்பது குறிப்பிட்ட அந்தச் சிலரைச் சுட்டும். 1940 ஆகஸ்ட் 20ஆம் நாள் பிரித்தானியப் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில், நாட்டைக் காக்க வானிற் போரிட்ட வீரர்களைப் பாராளுமன்றத்தில் 'சிலர்' என்று குறிப்பிட்டுப் போற்றினார். ஏறத்தாழ 3,000 பேரான அவ்வீரர்களுக்கு இன்றளவும் 'த ஃப்யூ' என்பதே பெயராக வழங்குகிறது.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளைகளிடம் இவ்விரு தொடர்களையும் கொடுத்துப் பொருள் கேளுங்கள்: 'எ ஃப்யூ பீப்பிள் ஹெல்ப்ட் அஸ்', 'ஃப்யூ பீப்பிள் ஹெல்ப்ட் அஸ்'. முன்னது நன்றியுரை; பின்னது மனக்குறை. நன்றி சொல்ல எண்ணிக் கடிதம் எழுதுவோர், உறையை ஒட்டுமுன் அந்தச் சிறிய 'எ' தன் இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.