பக்கவாத நோயாளி கைமாற்றுச் சரக்கல்ல!



நம் சங்க உறுப்பினர் ஒருவர், மளிகை மொத்த வியாபாரி, அறுபதை நெருங்கியவர். சென்ற ஆண்டு ஒரு நாள் காலை ஏழரை மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்திருந்தபடியே வாய் கோணி, வலது கை துவண்டு சரிந்தார். கடைப் பையன்கள் "முதலாளிக்கு மயக்கம்" என்று சோடா உடைத்துக் கொடுத்தார்கள். மகன் ஓடி வந்து, எட்டேகாலுக்கு அடுத்த தெரு நர்சிங் ஹோமில் சேர்த்தார். அங்கே குளுக்கோஸ் ஏற்றி, "பெரிய டாக்டர் வரட்டும்" என்று காக்க வைத்து, பத்து மணிக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னார்கள். இரண்டாவது மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் உண்டு. ஆனால் அதை இயக்குபவர் வந்து படம் எடுத்து முடிக்கப் பதினொன்றரை ஆகிவிட்டது. "இதற்கான ஊசி எங்களிடம் இல்லை, நகரத்துக்குக் கொண்டு போங்கள்" என்றார்கள். நகரத்தை அடைந்தபோது மணி ஒன்றேகால். "பன்னிரண்டு மணிக்குள் வந்திருந்தால் ஊசி போட்டிருப்போமே" என்றார் அங்கிருந்த டாக்டர்.

நாற்பது ஆண்டு பேரேடு எழுதிய கை இன்று பேனா பிடிப்பதில்லை. யாரையும் குற்றக் கூண்டில் ஏற்ற நாம் இதை எழுதவில்லை. நாளை இது நம் கடையிலும் நடக்கலாம் என்பதால் எழுதுகிறோம்.

பக்கவாதம் பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாயில் கட்டி அடைப்பதால் வருகிறது. சிலருக்குக் குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருகிறது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கட்டியைக் கரைக்கும் ஊசியைக் கசிவு உள்ளவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே ஸ்கேன் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல டாக்டர் இருந்தாலும் இந்த வைத்தியத்தைத் தொடங்க முடியாது.

இந்த ஊசி பலன் தருவதை 1995-ல் அமெரிக்க ஆய்வு உறுதி செய்தபோது கெடு மூன்று மணி நேரம். 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பின் அது நாலரை மணி நேரமாயிற்று. பெரிய குழாய் அடைபட்டவர்களுக்குக் கம்பிக் குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை 2015-ல் நிலைபெற்றது. தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை அது பயன்படும் என்று 2018-ல் தெரிந்தது. இதைக் கேட்டு, அவகாசம் இருக்கிறதே என்று எண்ணிவிடலாகாது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்பது 2006-ல் வெளியான கணக்கு. கெடுவுக்குள்ளும் முதல் மணியில் கிடைக்கும் பலன் நான்காம் மணியில் கிடைப்பதில்லை.

அப்படியானால் எல்லாரையும் நேரே பெருநகரத்துக்கே கொண்டு போகலாமா? அதுவும் சரியான கணக்கல்ல. ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாவில் நகரத்துக்கு வெளியே வாழும் சுமார் 1,400 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2022-ல் வெளியானது. அருகிலுள்ள பக்கவாத மையத்துக்குச் சென்றவர்களுக்கும், தொலைவிலுள்ள பெரிய மையத்துக்கு நேரே சென்றவர்களுக்கும் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஊனத்தில் வேறுபாடு இல்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே "அருகிலுள்ள மையம்" என்றால் ஸ்கேனும் ஊசியும் தயாராக இருக்கும் இடம். அங்கே ஊசியைத் தொடங்கி, பிறகு தேவைப்பட்டவர்களை மட்டும் மேலே அனுப்பினார்கள். நம் நண்பருக்கு நடந்தது அதுவல்ல. முதல் இரண்டு இடங்களிலும் ஊசி இல்லை; நேரம் மட்டும் போயிற்று.

சரக்கு லாரியில் ஓடும்போது கெடுவதைவிட ஷெட்டில் கிடக்கும்போதுதான் அதிகம் கெடுகிறது என்பதை நாம் அறிவோம். இங்கும் அப்படியே. மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய நோயாளியை 120 நிமிடத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பது அமெரிக்காவில் வைத்திருந்த இலக்கு. 2023-ல் வெளியான அந்நாட்டு ஆய்வில், பாதிப் பேர் முதல் மருத்துவமனையில் 174 நிமிடத்துக்கு மேல் கிடந்தது தெரியவந்தது. ஆம்புலன்சிலிருந்து முன்கூட்டியே தகவல் சொல்லப்பட்டவர்கள் சீக்கிரம் புறப்பட்டிருக்கிறார்கள். வசதி படைத்த நாட்டிலேயே இந்த நிலை.

நம் பக்கமும் தவறு உண்டு. "வாயுப் பிடிப்பு, சரியாகிவிடும்" என்று படுக்க வைக்கிறோம். அண்ணன் வரட்டும், மாமா வரட்டும் என்று காத்திருக்கிறோம். ஊசி போடத் தயாராக இருக்கும் அரசு மருத்துவமனையிலிருந்து கௌரவத்துக்காக வேறிடம் மாற்றுகிறோம். உயிர் பிழைத்த பின்னும், இடம் மாறி இடம் மாறி அலைந்து, உடற்பயிற்சி சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறோம். வீட்டுக்கு அருகில் யார் பயிற்சி தருவார்கள் என்று கேட்காமல் டிஸ்சார்ஜ் வாங்குகிறோம். திரும்ப வேண்டிய கையும் காலும் இதனால் திரும்பாமல் போகின்றன.

அரசையும் மருத்துவமனைகளையும் நாம் கேட்பது இதுதான். எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் இரவு பகல் ஸ்கேனும் ஊசியும் உண்டு என்ற பட்டியலை மாவட்டந்தோறும் வெளியிட வேண்டும். வசதி இல்லாத மருத்துவமனை அதை வாசலிலேயே சொல்லி, அடுத்த இடத்துக்குப் போன் செய்துவிட்டு அனுப்ப வேண்டும். இமாசலப் பிரதேசத்தில் 2014 முதல், மாவட்ட மருத்துவமனை டாக்டர்கள் ஸ்கேன் படத்தைச் செல்பேசி வழியே நரம்பியல் நிபுணருக்கு அனுப்பி, அவர் சொற்படி அங்கேயே ஊசி போட்டார்கள். மலை நாட்டில் முடிந்தது சமவெளியில் முடியாதா?

அரசு செய்யும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் ஊர் மருத்துவமனைகளில் நேரில் விசாரித்து இந்தப் பட்டியலைத் தயாரிக்கட்டும். மே 5 வணிகர் தினத்தன்று அட்டையாக அச்சிட்டு ஒவ்வொரு கல்லாவின் பக்கத்திலும் ஒட்டட்டும். அட்டையில் இவையும் இருக்கட்டும்:

முகம் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குழறல் – இவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் 108-ஐ அழைத்து, பக்கவாதச் சந்தேகம் என்று சொல்லுங்கள்.

கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கி எழும்போது வந்திருந்தால், படுக்கப் போன நேரமே கணக்கு.

சோடா, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். புரையேறும்.

சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும், எடுத்த ஸ்கேன் படத்தையும் கையோடு கொண்டு போங்கள்.

மருத்துவமனை வாசலில் முதல் கேள்வி: "ஸ்கேனும் ஊசியும் இப்போது உண்டா?"

கடைக்குத் தீ வந்தால் எந்த எண்ணை அழைப்பது என்று எழுதி வைத்திருக்கிறோம். கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதைச் செய்வோம். அட்டை தயாரித்த கிளைகள் ஒரு பிரதியைத் தலைமைச் சங்கத்துக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறோம்.