மலைக்கும் பெரும்பொழுது உண்டு

தொல்காப்பியம் குறிஞ்சிக்கு நிலத்தை மட்டும் வகுத்து நிற்கவில்லை. பொழுதையும் சேர்த்தே வகுத்தது. கூதிரும் முன்பனியும் குறிஞ்சியின் பெரும்பொழுது, அதாவது ஐப்பசி முதல் தை வரை. மாசியும் பங்குனியுமான பின்பனியோ பாலைக்கு உரியது. கவிதை மரபு வானிலை அறிக்கை ஆகாது என்பது உண்மைதான். ஆயினும் ஒரு நிலத்தை அதன் காலத்தோடு சேர்த்தே காண வேண்டும் என்ற அந்த எண்ணம், நண்பர்கள் கூடி வார இறுதியில் மலையேறும் இன்றைய வழக்கத்துக்கு மிகவும் தேவைப்படுகிறது.

நம் மலைப்பயணங்களின் நாளைக் குறிப்பது மலையன்று, அலுவலகம். வெள்ளி இரவுப் பேருந்து, சனிக்கிழமை ஏற்றம், கூடாரத்தில் ஓர் இரவு, ஞாயிறு இறக்கம், திங்கள் காலை மீண்டும் கணினி. இந்த நிரலில் மலைக்கு மறுப்புச் சொல்ல இடமே இல்லை. காற்று மாறினாலும், புல் காய்ந்து கிடந்தாலும், வழிகாட்டி முகம் சுளித்தாலும், பயணச்சீட்டு எடுத்தாயிற்று. பத்துப் பேரின் விடுப்பும் வாங்கியாயிற்று. திரும்பிவிடலாம் என்று சொல்பவன் கோழையாகிவிடுகிறான்.

2018 மார்ச் 11 ஒரு ஞாயிற்றுக்கிழமை; மாசி மாதத்தின் இறுதி. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்திருந்தவர்கள், தேனி மாவட்டத்தில் கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினர். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களைக் குறைசொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம்மில் யாரும் அந்தக் குழுவில் இருந்திருக்கலாம்.

ஆனால் அந்தச் சரிவின் இயல்பை நாம் அறிந்துகொண்டோமா? போடி மலைகளின் கிழக்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையின் மறைவில் உள்ளது. வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் தையிலிருந்து ஈரம் வற்றுகிறது. மாசியில் ஆளுயரப் புல் வைக்கோலாகிவிடுகிறது. சமவெளியில் தீயைக் கண்டவர்களுக்கு மலைத்தீ புரியாது. சரிவில் எழும் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காயவைக்கிறது. சரிவு 10 டிகிரி கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் வழங்கும் கணக்கு. மேல்நோக்கி ஓடும் மனிதனைவிடத் தீ விரைவாக ஏறும். பள்ளத்தாக்கின் இடுக்குகளோ புகைபோக்கியைப் போல அதை உறிஞ்சி இழுக்கும்.

அந்த விபத்துக்குப் பின் மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 வழித்தடங்களை இணையப் பதிவு முறையில் திறந்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாயினர். 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து, தீக்காலத்தை முன்னிட்டு அவை மூடப்பட்டன. அப்போது நண்பர்கள் பலர் சலித்துக்கொண்டதைக் கேட்டேன். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. பின்பனியில் மலை குறிஞ்சியாக இருப்பதில்லை. தன் இயல்பு திரிந்த நிலமே பாலை என்று சிலப்பதிகாரம் கண்டதும் இதைத்தான்.

மலைகளை ஒரேயடியாக அடைத்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. நடந்து பார்க்காதவனுக்குக் காட்டின் மீது அக்கறை பிறப்பது அரிது. ஆனால் அனுமதிச்சீட்டு மட்டும் போதாது. நமக்கென்று சில ஒழுங்குகள் வேண்டும். மழை முடிந்து புல் பசுமையாக இருக்கும் மாதங்களில் போகலாம். கூடாரத்தின் முன் தீ மூட்டி ஆடிப்பாடும் வழக்கத்தை, எந்த மாதமானாலும், விட்டுவிடலாம். குளிருக்குக் கம்பளி போதும். திட்டத்தில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டால் அவசரமாக இறங்க வேண்டிய கட்டாயம் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டி வேண்டாம் என்றால் அதுவே முடிவு என்று கிளம்பும் முன்பே குழுவில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பாதிவழியில் அதைப் பேச முடியாது. களைப்பும் கூச்சமும் பேச விடா.

உச்சியைக் காணாமல் திரும்பிய நண்பர்கள் அடுத்த கார்த்திகையில் மீண்டும் போகலாம். அந்த வாய்ப்பைக் காப்பதே நட்பின் கடமை என்று கருதுகிறேன்.