பாசிமணிக்குச் செய்கூலி கிடையாதா?

தங்கக் கடையில் செய்கூலி, சேதாரம் என்று இரண்டு வரி எழுதி நீட்டினால் வாய் திறக்காமல் பணத்தை எண்ணி வைக்கிறோம். அதே நாம், ஒரு பெண் தன் கையால் கோத்த பாசிமணித் தொங்கட்டானுக்கு விலை சொன்னால், "பாசிக்கா இவ்வளவு?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருக்கும். என் வயதுக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பேத்தி கல்லூரி நேரம் போக மீதி நேரத்தில் பாசிமணி நகை செய்கிறாள். சாமி டாலர், மயில், மாங்காய் எல்லாம் இல்லை. மாயக் கதைகளிலும் வீடியோ ஆட்டங்களிலும் வருகிறவை: டிராகன் செதில் பதக்கம், வனதேவதை இலை, ஆட்டத்தில் உயிரைக் குறிக்கும் சிவப்பு இதயம். இதைப் பார்க்கிற உறவுக்காரர்கள் மூன்று விஷயம் சொல்கிறார்கள். வெளிநாட்டுக் கதை. விளையாட்டுத்தனம். மலிவுச் சரக்கு. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் வெளிநாடு. டோல்கீன் என்ற ஆங்கிலேயர் 1954, 55-ஆம் ஆண்டுகளில் மூன்று பாகமாக வெளியிட்ட நாவல் ஒரு மோதிரத்தைச் சுற்றியே நடக்கிறது. "மோதிரத்துக்கு ஒரு கதையா?" என்று சிரிக்கிறவர்களைக் கேட்கிறேன்: அனுமன் கடல் தாண்டிக் கொண்டுபோனது என்ன? திரும்பி வரும்போது கொண்டுவந்தது என்ன? ஒரு கணையாழி, ஒரு சூடாமணி. சகுந்தலை கதை மோதிரம் தொலைந்ததால்தானே நடக்கிறது? கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவி சிலம்பில் முத்துப் பரல். அந்த வித்தியாசத்தில் ஒரு நகரமே எரிந்தது. சியமந்தக மணி, நாகமாணிக்கம் என்று அம்புலிமாமாவை மடியில் வைத்து வளர்ந்த நாம், பேரப்பிள்ளைகளின் மாயக்கல்லை மட்டும் ஏன் அந்நியம் என்கிறோம்?

சரி, மணியாவது உள்ளூரா, வெளியூரா? புதுச்சேரிக்காரர்கள் இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் வீலர் தோண்டி, ரோமாபுரி மண்பாண்டங்களை எடுத்துக் காட்டினார். அங்கே கண்ணாடி மணி செய்தார்கள். உருகிய கண்ணாடியை மெல்லிய குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி முனையை மழுங்க வைப்பது அவர்கள் முறை. இந்த வகை மணிகள் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து கொரியா வரை கிடைத்திருக்கின்றன. திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக் காலம் வரை அதே முறையில் செய்துவந்தார்கள். இன்று என் பேத்தி வாங்குகிற பொடி மணி ஜப்பானில் இயந்திரம் செய்தது. ஆனால் அடிப்படை அதேதான்: இழு, நறுக்கு, சூடுகாட்டு. நம் ஆற்றங்கரையிலிருந்து கடல் தாண்டிப் போன சரக்கு இது. வாங்கி அணிந்த தேசத்தார் "இது எங்கள் ஊர்க் கதை இல்லையே" என்று திருப்பி அனுப்பவில்லை.

இரண்டாவது, விளையாட்டுத்தனம். என்னைப் போல் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். "ஊ" என்று முடிகிற ஏழு சொற்களுக்குப் பன்மையில் "எஸ்" போடாமல் "எக்ஸ்" போட வேண்டும் என்று உருப்போட வைத்தார்கள்: பிழூ, கையூ, ஷூ, ழெனூ, இபூ, ழூழூ, பூ. முதலில் வருகிற பிழூ நகை. ஆறாவதாக வருகிற ழூழூ விளையாட்டுச் சாமான். இலக்கணமே நகையையும் பொம்மையையும் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறது. (கடைசி இலையில் உட்கார்ந்திருப்பது பேன். அதை விட்டுவிடுவோம்.)

அந்த விளையாட்டில் எவ்வளவு கணக்கு இருக்கிறது தெரியுமா? 1986-இல் ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் "செல்டா" என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதன் வீரனுடைய உருவம் திரையில் 16 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். ஒரு புள்ளிக்கு ஒரு மணி என்று கோத்தால் 256 மணி. முடிந்தால் ஏறக்குறைய ஓர் அங்குல அகலம்தான் வரும். ஆனால் ஒவ்வொரு மணியையும் மேல்வரிசை மணியோடு சேர்த்து ஊசியை மறுபடி ஒரு சுற்று ஓட்ட வேண்டும். ஒரு மணி நிறம் தவறினால் வீரனுக்கு ஒரு கண் போய்விடும். அதுவரை பிரிக்க வேண்டும். என் பேத்திக்கு ஒரு பதக்கத்துக்கு 3 மணி நேரம் ஆகிறது. நம் மொழியில் மணிக்கும் நேரத்துக்கும் ஒரே சொல் என்பது இந்த வேலைக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது.

இன்னொரு வேடிக்கை. அந்த ஆட்ட வரிசையின் ஆங்கிலப் பதிப்பில் நாணயத்தின் பெயர் "ரூபீ". நம் ரூபாயை ஆங்கிலத்தில் சொல்கிற அதே சொல். அதுவும் நாணயமாக இல்லை, பட்டை தீட்டிய கல்லாக வரும். பல ஆட்டங்களில் பச்சைக்கல் 1, நீலக்கல் 5, சிவப்புக்கல் 20. அந்த உலகத்தில் கல்தான் ரூபாய். நம் உலகத்தில் கல்லைக் கோத்தவளுக்கு ரூபாய் கொடுக்க மனசு வரவில்லை.

இப்போது மூன்றாவது, மலிவு. இதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். கல்லூரிக் கண்காட்சி ஒன்றில் பேத்தி சின்ன மேசை போட்டிருந்தாள். பதக்கம் 400 ரூபாய். கழுத்திலும் கையிலும் தங்கம் நிறைந்த ஓர் அம்மாள் எடுத்துப் பார்த்து, "சந்தையில் 50 ரூபாய்க்கு முழு மாலையே தருகிறார்கள். 100 ரூபாய்க்குக் கொடு" என்றார். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதினவன்; அங்கேயே மனக்கணக்குப் போட்டேன். மணி, நூல், கொக்கி எல்லாம் சேர்த்துப் பொருள் செலவே 90 ரூபாய். ஆக, அந்த அம்மாள் 3 மணி நேர உழைப்புக்கு வைத்த கூலி 10 ரூபாய்.

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. எடையை மட்டும் மதிக்கப் பழகிய கை அது. தங்கம் உருக்கினால் பணம். பாசி உருக்கினால் கண்ணாடி. ஆகவே பாசிக்குச் செய்கூலி கிடையாது என்று நாம் எல்லாரும் சேர்ந்து எழுதாத சட்டம் போட்டிருக்கிறோம். பேருந்து நிலையத்தில் ஊசிமணி பாசிமணி விற்கிற நரிக்குறவப் பெண்ணிடம் 10 ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பதும் இதே சட்டப்படிதான்.

உறவுக்காரர்கள் இதிலும் ஒரு படி மேலே. "நம்ம பொண்ணுதானே, எனக்கு ஒரு ஜோடி கோத்துக் கொடேன்" என்று இலவசமாகக் கேட்கிறார்கள். அக்கா மகன் தையல்காரன் என்பதற்காக வருஷம் முழுக்க அவனிடம் சட்டையைச் சும்மா தைத்து வாங்குவீர்களா?

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொழிற்சாலையிலிருந்து மொத்தமாக வந்ததில் கொக்கியை மட்டும் மாட்டிவிட்டுக் "கைவேலை" என்று சொல்லாதீர்கள். உண்மையில் கையால் கோக்கிறவள் வயிற்றில் அடிக்கிற வேலை அது. நிஜமாகக் கோக்கிற பிள்ளைகள், எத்தனை மணி, எத்தனை நேரம் என்று ஒரு சீட்டில் எழுதி நகையோடு வையுங்கள். கேட்டவுடன் விலையைப் பாதியாக்காதீர்கள். நீங்களே பாதியாக்கினால் மீதிப் பாதியையும் குறைக்க நாலு பேர் வருவார்கள்.

400 ரூபாய் அதிகம் என்று தோன்றினால் வாங்காமல் போங்கள். அது உங்கள் உரிமை, அதில் அவமானம் யாருக்கும் இல்லை. ஆனால் "வெறும் பாசிதானே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பாசியின் விலையை அவள் கடையில் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். உங்களிடம் கேட்பது தன் 3 மணி நேரத்துக்கு.