கல்லுக்குப் போகும் காசு

களியக்காவிளையில் தமிழ்நாடு எங்கே முடிகிறது, பாறசாலையின் கேரளம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைப் பலகைகளின் எழுத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை ராஜ்யத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. ஆனால் கொள்வினை, கொடுப்பினை, பேச்சு எதுவும் பிரியவில்லை. பிரியாத இன்னொரு விஷயம் பட்டாளம். மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9-வது பட்டாலியன் 1704-ல் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் மன்னரின் காவல் படையாகத் தோன்றியது. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த பாரம்பரியம் அதனுடையது. பத்மநாபபுரமும் குளச்சலும் இன்று தமிழ்நாட்டில். அந்தப் பாரம்பரியத்தில் படைக்குப் போனவர்களின் குடும்பங்களோ கோட்டின் இரு பக்கமும்.

ஒருவர் இறந்தால் அவர் நினைவாக ஏதாவது கொடுப்பதும் இரு பக்கமும் பொதுவான வழக்கம். கோயிலில் அன்னதானம், சர்ச்சுக்கு ஒரு பெஞ்ச், பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு நிழற்குடை. இறந்தவர் பட்டாளக்காரராக இருந்தால் கணக்கு இன்னும் பெரிதாகும்: பளிங்குப் பலகை, கொடிக்கம்பம், வசதி இருந்தால் மார்பளவு சிலை. இவற்றை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை. துக்கத்துக்குக் கண்ணால் பார்க்க ஒரு பொருள் தேவைப்படுகிறது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் பாக்கி நிற்கிறது: இறந்தவரோடு அதே பங்கரில் படுத்திருந்து, உயிரோடு திரும்பி வந்து, இன்று அதே ஊரில் இரவெல்லாம் கண் மூடாமல் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்தப் பளிங்குப் பலகை என்ன செய்கிறது?

பணம் கொடுக்க நம் ஜனங்களுக்கு மனம் இல்லாமல் இல்லை. 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில் 19-வது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா பிப்ரவரி 11-ல் டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அந்த நாட்களில் முன்பின் தெரியாத மக்கள் பணம் தர முன்வந்தார்கள். அதை வாங்கிக்கொள்ள ஒரு வங்கிக் கணக்கே புதிதாகத் திறக்க வேண்டியிருந்தது. போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் காயம்பட்டவர்களுக்குமான நலநிதி அப்படித்தான் உருவானது.

அதற்கு முன்பே இருந்தது கொடி நாள் நிதி. 1949 முதல் டிசம்பர் 7-ந் தேதி சட்டையில் சின்னக் கொடி குத்தி உண்டியல் நீட்டுகிறார்களே, அதேதான். 1993-ல் போரில் கணவரை, மகனை இழந்தவர்களுக்கான நிதி, கண்ணிழந்த வீரர்களுக்கான நிதி, கூர்க்கா வீரர்களுக்கான நிதி எல்லாம் இதில் ஒன்றாகக் கலந்தன. ஓய்வூதியம் இல்லாத 65 வயது கடந்த ஏழை முன்னாள் படைவீரருக்கோ அவர் விதவைக்கோ இதிலிருந்து மாதம் ரூ.4,000 தரப்பட்டது. 2025 நவம்பர் முதல் அது ரூ.8,000 ஆகியிருக்கிறது. பிள்ளைகளின் படிப்பு, மகளின் கல்யாணம் ஆகியவற்றுக்கும் உதவி உண்டு. முதுகெலும்பு முறிந்த வீரர்களுக்காகப் புனே அருகே கிர்க்கியில் 1974 முதல் இயங்கும் மறுவாழ்வு மையத்துக்கும் இந்த நிதி கை கொடுக்கிறது. எல்லாம் நல்ல காரியங்கள். எல்லாமே வயிற்றுக்கும், வீட்டுக்கும், உடலுக்கும். தூக்கத்துக்கு என்று ஒரு தலைப்பு இந்தப் பட்டியலில் இல்லை.

தூக்கம் போவது ஆடம்பரக் கஷ்டம் அல்ல. முதல் உலகப் போரில் அதற்கு 'குண்டு அதிர்ச்சி' என்று பெயர் வைத்தார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் முறைப்படி சேர்த்தார்கள். நம் ஊரில் அதற்கு இன்னும் பெயர் இல்லை. கேலி மட்டும் இருக்கிறது. மனசு சரியில்லை என்று வாய் திறந்தால் 'ஊளம்பாறைக்குக் கொண்டு போ' என்பார்கள். திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் அந்த ஊரின் பெயரே வசவாகிவிட்டது. துப்பாக்கி பிடித்த மனிதர் அந்த வசவை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை. அதற்குப் பதில் மாதாமாதம் கேன்டீன் கோட்டாவில் வரும் ரம் பாட்டிலை வாங்கிக்கொள்கிறார். யோசித்துப் பார்த்தால், அவர் மனசுக்காக அரசு தவறாமல் சலுகை விலையில் தரும் ஒரே மருந்து அதுதான்.

இந்த எல்லைக் கிராமங்களுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த அமைதிப் படையில் 1,100-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். உயிரோடு திரும்பியவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள். தன் அம்மா பேசும் மொழியில் அழுகிற பெண்கள் இருந்த ஊர்களில் துப்பாக்கியோடு நடந்தவர்கள் அவர்கள். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னைக்கு வந்து இறங்கியபோது தமிழக முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவருக்கு ஓர் அரசியல் நியாயம் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய சிப்பாய்க்கோ உத்தரவு மட்டும்தான் இருந்தது. இன்று அவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். அந்தப் படையில் இறந்தவர்களுக்குக் கொழும்பு அருகே நினைவுச் சின்னம் இருக்கிறது. டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் 25,000-க்கும் அதிகமான பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இறந்தவர்களுக்குக் கல் கிடைத்துவிட்டது. இருப்பவர்கள் தங்கள் கதையை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருக்கிறார்கள். டீக்கடையில் சொன்னால் 'பட்டாளக்காரன் புளுகு' என்று சிரிப்பார்கள்.

மலையாளத்தில் பட்டாளக் கதைகள் என்று ஒரு தனி இலக்கியமே உண்டு. கோவிலன், பாறப்புறத்து, நந்தனார் எல்லாரும் படையில் இருந்தவர்கள். 'ஆன்மாவின் நோவுகள்' எழுதிய நந்தனார் 1974-ல் தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பட்டாள வாழ்க்கைதான் காரணம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வலியை எழுதத் தெரிந்தவருக்கே அது போதவில்லை என்றால், எழுதத் தெரியாதவர் எங்கே போவார்?

மேல்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 1919-லேயே மனக்காயம் பட்ட சிப்பாய்களுக்கென்று ஒரு சங்கம் தோன்றியது. இறந்தவரின் அடக்கத்துக்குப் பூ வேண்டாம், அந்தப் பணத்தை இன்ன அறக்கட்டளைக்குக் கொடுங்கள் என்று குடும்பத்தாரே அறிவிப்பது அங்கே சகஜம். அமெரிக்காவில் இப்படிச் சேரும் பணத்தில் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் மனைவிமாரும் சில நாள் அமைதியான இடத்தில் தங்கி, தங்களைப் போன்றவர்களோடு பேசி, உடம்பையும் மனசையும் தேற்றிக்கொண்டு வருகிறார்கள்.

இந்த யோசனைக்கு நெய்யாற்றின்கரையைவிடப் பொருத்தமான மண் எது? கர்க்கடக மாதம் வந்தால் எண்ணெய் தேய்த்து, மருந்துக் கஞ்சி குடித்து உடம்பைச் சீராக்குவது இங்கே பழைய வழக்கம். அடிமுறையும் வர்மமும் தெரிந்த ஆசான்கள் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இதே சிகிச்சைக்காகக் கோவளத்துக்கு விமானம் ஏறி வருகிறார்கள். பக்கத்து ஊர் ஹவில்தார் அந்த வாசலை மிதித்திருக்க மாட்டார். பத்து நாள் சிகிச்சை, மனைவியும் உடன், மாலையில் பழைய படைவீரர்கள் நாலு பேரோடு பேச்சு, வாரம் இரு முறை ஒரு மனநல மருத்துவர். இதற்குப் புது மாளிகை வேண்டாம். முன்னாள் படைவீரர்கள் தங்குவதற்கென்றே சைனிக் ஓய்வு விடுதிகள் மாவட்டங்களில் இருக்கின்றன.

ஆட்சேபணைகள் வரும். இது அரசின் கடமை அல்லவா என்பார்கள். கடமைதான். 2003-ல் வந்த முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் திருவனந்தபுரத்திலும் நாகர்கோவிலிலும் பாலிகிளினிக் நடத்துகிறது. நோய் முற்றியவர் போக வேண்டிய இடம் அதுதான். எண்ணெய்க் குளியல் மருத்துவருக்கு மாற்று ஆகாது. ஆனால் நோயாளி என்று பெயர் வாங்க அஞ்சுகிறவரை முதல் படி ஏற்றிவிட அரசாங்கச் சீட்டால் முடியாது, ஊரால் முடியும். பணம் எங்கே போகும் என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம். வந்தது எவ்வளவு, தங்கியது எத்தனை பேர் என்று மாதாமாதம் விடுதிச் சுவரில் எழுதி ஒட்டினால் போதும். எந்த மாநிலத்து ஆள் என்ற கேள்வியும் வரும். மாநில அரசின் உதவிக்கு அவரவர் மாநில சைனிக் நல அலுவலகத்தைத்தான் நாட வேண்டும். களியக்காவிளைக்காரர் திருவனந்தபுரத்தில் கேட்க முடியாது. நினைவு நன்கொடைக்கு அந்த விதி கிடையாது. இறந்தவரோடு காவல் நின்றவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று கொடுப்பவர்கள் பார்க்கத் தேவையில்லை.

1999 ஜூலையில் கார்கிலில் இறந்து வீர சக்ரம் பெற்ற கேப்டன் ஜெரி பிரேம்ராஜ் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வெங்கானூர்க்காரர். அவரைப் போன்றவர்களை ஊர் மறக்கக் கூடாது. பெயர் பொறிக்கட்டும். பொறித்த பிறகு மீதிப் பணத்தை வளைவுக்கும் மேடைக்கும் செலவழிக்காமல், அதே பெயரில் ஒரு கட்டில் போடட்டும். அதில் ஒரு பழைய சிப்பாய் பத்து இரவு நிம்மதியாகத் தூங்கட்டும்.